சுவரும் செவியும்

அகத்திணை மாந்தரின் இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த வரம்பு. தலைவி பேசலாம், நெஞ்சு நோக அரற்றலாம், தோழியிடமும் கடலிடமும் கானலிடமும் தன் துயரை உரைக்கலாம். அவள் இன்னாள், இன்னார் மகள், இன்ன ஊரினள் என்பது மட்டும் வெளிப்படலாகாது. இவ்வரம்பினால் பாட்டு ஒருத்திக்கு மட்டும் உரியதாக நில்லாமல் எல்லார்க்கும் உரியதாயிற்று என்று தமிழாசிரியர்கள் வியந்து உரைப்பர். அவ்வியப்பில் தவறில்லை. ஆயினும் இதற்கு மறுபுறம் ஒன்றுண்டு. பெயரில்லாத துயர் பாடுபொருளாகுமேயன்றி வழக்காகாது. கண்ணகி பாண்டியன் அவையில் நின்று தன் ஊரையும் கணவன் குலத்தையும் தன் பெயரையும் எடுத்துரைத்த பின்னரே அவள் துயர் வழக்காயிற்று.

அகப்பாட்டின் எல்லைக்குள்ளேயும் ஒரு வியப்பான இடம் உண்டு. அகநானூற்றின் 147ஆம் பாட்டு ஔவையார் பாடியது. தலைவனைப் பிரிந்து வருந்தும் தலைவி, வெள்ளிவீதியைப் போலத் தானும் அவனைத் தேடிப் புறப்படத் துணிந்ததாக அதில் கூறுகிறாள். வெள்ளிவீதியார் சங்கப் புலவருள் ஒருவர். அவர் வாழ்வில் நேர்ந்ததாகக் கருதப்பட்ட ஒன்று, இன்னொரு பெண் புலவரின் பாட்டில் பெயரோடு வந்து நிற்கிறது. வெறும் எடுத்துக்காட்டாக அன்று. வீட்டை விட்டு வெளியே கால் எடுத்து வைப்பதற்குத் துணையாக வந்து நிற்கிறது. ஒருத்தி கதை மற்றொருத்திக்குத் துணிவு தந்ததற்கு நம் இலக்கியத்தில் இதனினும் பழைய சான்று எனக்குப் புலப்படவில்லை.

பெண்கள் தம் கதையைப் பிறரோடு பகிர்ந்துகொள்வதனால் வலிமை பெறுகின்றனர் என்பது இக்காலத்து மகளிர் விழா மேடைகளில் அடிக்கடி கேட்கும் வாக்கு. வாக்கு நன்று. ஆனால் அது எளிதாகக் கைதட்டல் பெற்றுவிடுவதனால், அதன் உட்பொருளை ஆராய்வார் அரியர். சொல்லுவதனால் மட்டும் வலிமை வருமாயின், நம் சிற்றூர்களில் ஒப்பாரி வைத்த பாட்டிமார் யாவரும் பெரு வலிமை பெற்றிருத்தல் வேண்டும். பிறர் வீட்டு இழவைச் சாக்கிட்டுத் தன் பிறந்த வீட்டார் செய்த வஞ்சனையையும், கொழுந்தன் கொடுமையையும், கைம்மையின் இழிவையும் ஊரறியப் பாடும் உரிமை ஒப்பாரிக்காரிக்கு இருந்தது. கேட்டவர் கண்ணீர் வடித்தனர். பிணம் எடுத்த பின் அவரவர் வீடு திரும்பினர். அவளும் அதே வீட்டுக்குத்தான் திரும்பினாள்.

ஏ. கே. இராமானுஜன் 1991-இல் வெளியிட்ட இந்திய நாட்டார் கதைத் தொகுதியில் தமிழ்க்கதை ஒன்று உள்ளது. மகன்கள் இருவர், மருமகள்கள் இருவர். நால்வரும் ஒரு கைம்பெண்ணை நாள்தோறும் ஏசிப் பேசித் துன்புறுத்துகின்றனர். தன் குறையைச் சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒருவரும் இல்லை. சொல்லாத சொற்கள் உள்ளே தங்கித் தங்கி அவள் உடல் பருத்துக்கொண்டே போகிறது. அதற்கும் ஏச்சு. ஒருநாள் ஊர்ப்புறத்தே பாழடைந்த வீடொன்றுக்குள் நுழைகிறாள். எதிரே நின்ற சுவரிடம் மூத்த மகன் செய்ததைச் சொல்லுகிறாள். சுவர் பாரம் தாங்காமல் இடிந்து விழுகிறது. அடுத்த சுவரிடம் மற்றொருவர் கொடுமை. இவ்வாறு நான்கு சுவர்களும் விழ, உடலும் மனமும் இலேசாகி அவள் இடிபாடுகளின் நடுவே நிற்கிறாள்.

இக்கதையைப் படிப்போர் பலர் அதன் முடிவில் மகிழ்கின்றனர். எனக்கோ அம்முடிவுக்குப் பின் அவள் எங்கே போனாள் என்ற கேள்வியே எழுகிறது. பாரம் இறங்குதல் வேறு. பலம் பெறுதல் வேறு. சுவர் கேட்டால் பாரம் இறங்கும். பலம் வருவதற்குச் சுவரினும் மேலான செவி வேண்டும். பெண்கள் எழுதிய தன்வரலாறுகளை மதிப்பிடும்போது, இதனை முதற்கண் கேட்டவர் யார், கேட்ட பின் என்ன நேர்ந்தது என்று வினவுதல், எவ்வளவு துயர் சொல்லப்பட்டுள்ளது என்று அளப்பதனினும் பயனுடையது என்பது என் கருத்து. அவ்வினாவோடு சில நூல்களை ஈண்டு நோக்குவோம். மொழியால் அவை பலவாயினும், மறுமாநிலங்களில் வாழும் நமக்கு அம்மொழிகள் அயலானவை அல்ல. நம் அண்டை வீட்டார் பேசும் மொழிகளே.

வங்கத்து இராசசுந்தரி தேவியின் 'ஆமார் ஜீபன்' என்னும் நூல் 1876-இல் வெளிவந்தது. 'என் வாழ்க்கை' என்பது அதன் பொருள். வங்கப் பெண் எழுதிய முதல் தன்வரலாறு என்று அதனைப் போற்றுவர். பன்னிரண்டு வயதில் மணமாகிப் பெரிய குடும்பம் ஒன்றின் அடுக்களைக்குள் புகுந்தவர் அவர். படிக்கும் பெண் கைம்பெண் ஆவாள் என்று நம்பிய காலம் அது. சைதன்ய பாகவதத்தின் ஏடு ஒன்றைப் பிரித்தெடுத்து அடுக்களையில் மறைத்து வைத்து, மகன் எழுத்துப் பயின்ற ஓலையோடு ஒப்பிட்டு, வேலைகளுக்கு இடையே ஒவ்வோர் எழுத்தாகக் கற்றுக்கொண்டார். திண்ணைப் பள்ளியும் இல்லை, ஆசிரியரும் இல்லை. அடுப்புப் புகைதான் திரை.

அந்நூலில் குதிரை ஒன்று வருகிறது. கணவர் ஏறும் குதிரை. அது முற்றத்தில் நெல்லைத் தின்னும்போது அதன் எதிரே செல்ல அவர் நாணி ஒளிகிறார். கணவருடைய குதிரை தம்மைப் பார்த்துவிடலாகாதே என்னும் அச்சம்! இதனைக் கூறும் கிழவியாகிய இராசசுந்தரி அந்த இளம்பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறார். நம்மையும் சிரிக்க வைக்கிறார். சிரித்து முடிந்த பின்னரே, ஒரு வீட்டின் ஒழுக்கம் மனிதரைக் கடந்து விலங்கு வரை பெண்ணைக் கண்காணித்த கொடுமை நம் நெஞ்சில் தைக்கிறது. நூறு பக்கம் அழுது எழுதினாலும் கிட்டாத பயன் இது. கண்ணீர் வரவழைத்தது என்பதனை ஒரு நூலுக்குப் பெரும் பாராட்டாகக் கூறும் மதிப்புரைகள் நம்மிடையே மிகுதி. அழவைப்பது எளிது.

இவர் கதையை முதலில் கேட்டவர் யார்? நூல் நெடுகக் கடவுளே முன்னிலையில் நிற்கிறார். மனிதச் செவி கிட்டாத இடத்தில் கடவுளை முன்னிறுத்திப் பேசுதல் நம் ஆண்டாளும் காரைக்காலம்மையாரும் நடந்த வழியை ஒத்தது. எனினும் இராசசுந்தரி அதனோடு நிற்கவில்லை. அவர் படிக்கக் கற்றதை நாத்தனார்மார் அறிய நேர்ந்தபோது அவர்கள் சினக்கவில்லை, மகிழ்ந்தனர், தாமும் கற்க விரும்பினர். வீட்டின் பகைவர் எனக் கதைகளில் வழக்கமாகக் காட்டப்படும் நாத்தனாரே இங்கே முதல் தோழியாகிறார். அந்நூலின் உயிர்நிலை அடுக்களையில் ஏடு மறைத்த பகுதி என்று பலரும் கூறுவர். எனக்கு இப்பகுதியே பெரிதாகப் படுகிறது.

மராத்தியில் 1910-இல் வெளிவந்தது இரமாபாய் ரானடேயின் நினைவுக்குறிப்பு. நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடேயின் மனைவி அவர். கணவரே ஆசிரியராக இருந்து கற்பித்தார். வீட்டு மூதாட்டியர் அதற்காக மருமகளை வாட்டினர். இது நல்ல நூல், நேர்மையான நூல். ஆயினும் அதன் தலைப்பைக் காண்க. 'எங்கள் வாழ்க்கையின் சில நினைவுகள்' என்று அதனைத் தமிழாக்கலாம். 'என்' என்று இராசசுந்தரி துணிந்து கூறிய இடத்தில் இவர் 'எங்கள்' என்கிறார். அந்த 'எங்கள்' பெரும்பாலும் 'அவர்' என்றே பொருள்படுகிறது. கணவரைப் போற்றும் திரைக்குப் பின்னே நின்று பேசும் பெண்ணின் குரல் நமக்கு இடையிடையேதான் கேட்கிறது. அக்காலத்துக் கற்ற பெண்டிர்க்குக் கிடைத்த மேடை அது, குறை கூறுவதற்கில்லை.

எழுபத்தாறு ஆண்டுகள் கழித்து, அதே மராத்தியில், அதே 'எங்கள்' என்னும் சொல்லோடு இன்னொரு நூல் வந்தது. பேபி காம்ப்ளேயின் 'ஜிண ஆமுச்ச'. 'எங்கள் வாழ்வு' என்பது பொருள். 1982-இல் 'ஸ்த்ரீ' இதழில் தொடராக வந்து 1986-இல் நூலாயிற்று. மகர் குலத்தில் பிறந்து, பல்டண் என்னும் ஊரில் சிறிய மளிகைக் கடை நடத்தியவர் இவர். கடையில் அமர்ந்து, வாணிகத்துக்கு இடையே எழுதினார். எழுதியதைக் கணவருக்கும் மகனுக்கும் தெரியாமல் இருபது ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தார். இராசசுந்தரி படித்ததை மறைத்தார்; இவர் எழுதியதை மறைத்தார். நூறாண்டில் பெண் முன்னேறிய தொலைவு இதுதான் போலும்!

மராத்தியிலும் நம் தமிழிற் போலவே 'எங்கள்', 'நம்' என்னும் வேறுபாடு உண்டு. கேட்பவரை உட்படுத்தாத பன்மை ஒன்று. உட்படுத்தும் பன்மை மற்றொன்று. இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் இந்நுட்பம் இல்லை. காம்ப்ளேயின் 'எங்கள்' கேட்பவரைப் புறத்தே நிறுத்துகிறது. 'இது எங்கள் வாழ்வு. உங்கள் வாழ்வு அன்று. எனவே இருந்து கேளுங்கள்' என்னும் தொனி அச்சொல்லில் இருக்கிறது. இரமாபாயின் 'எங்கள்' கணவருக்குள் ஒடுங்கியது. காம்ப்ளேயின் 'எங்கள்' ஒரு சேரி முழுவதையும் சுமந்து வருகிறது. அம்பேத்கரின் சொல் அப்பெண்களின் காதில் விழுந்து அவர்கள் நிமிர்ந்த வரலாறு அந்நூலின் சிறந்த பகுதி.

ஆனால் இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. 'எங்கள்' என்று பேசிய அந்நூலில் 'என்' ஏறக்குறைய மறைந்துவிட்டது. கணவர் தம்மை அடித்ததையும் ஐயுற்றதையும் அவர் நூலில் விரித்து எழுதவில்லை. 2008-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் இறுதியில், மொழிபெயர்ப்பாளர் மாயா பண்டிட்டோடு நிகழ்த்திய உரையாடலிலேயே அவற்றைக் கூறுகிறார். குலத்தின் துயரே தம் துயரினும் பெரிது என்பது அவர் நிலை. அந்நிலை பெருந்தன்மையானது. எனினும் எழுதும்போது வெளிவராத சொல், எதிரே ஒரு பெண் அமர்ந்து கேட்டபோது வெளிவந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. தாளும் ஒரு வகையில் சுவரே.

நம் பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. பேச்சுத் தமிழை அதன் கரடுமுரடோடு ஏட்டிலேற்றிய நூல் என்பதனைப் பலரும் எழுதிவிட்டனர். மீண்டும் கூற வேண்டியதில்லை. அதன் பின்விளைவு ஒன்றே இங்கு வேண்டுவது. ஊரை இழிவாகக் காட்டிவிட்டார் என்று ஊராரே சினந்ததனால், ஏழு மாதம் அவர் தம் ஊருக்குள் நுழைய இயலவில்லை. 'எங்கள்' என்று சொல்ல ஒருத்திக்கு உரிமை தந்தவர் யார் என்று அந்த 'எங்கள்' எழுந்து கேட்கும். பகிர்தல் என்னும் இனிய சொல்லை எளிதாக வழங்குவோர் இவ்வேழு மாதத்தையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

தெலுங்கில் 1986-இல் ஐதராபாத்தின் ஸ்த்ரீ சக்தி சங்கடன் என்னும் அமைப்பு வெளியிட்ட நூலின் பெயர் 'மனக்கு தெலியனி மன சரித்ர'. 'நமக்குத் தெரியாத நம் வரலாறு'. இங்கே 'எங்கள்' போய் 'நம்' வந்துவிட்டது. 1946 முதல் 1951 வரை தெலங்கானாவில் நடந்த உழவர் போராட்டத்தில் பங்கு கொண்ட பெண்களை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்துத் தேடிச் சென்று கேட்டுத் தொகுத்த வாய்மொழி வரலாறு அது. பாலகுர்த்தி ஐலம்மா தம் விளைச்சலைத் தேஷ்முக்கின் ஆட்களிடமிருந்து காத்த வீராங்கனை. 1985-இல் அவர் மறைந்தார். மறுவருடம் நூல் வந்தது. சற்றுப் பிந்தியிருந்தால் அக்குரல் நமக்குக் கிட்டியிராது. 2024-இல் ஐதராபாத்து மகளிர் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றது. பெயர் கல்லில் நிற்கும். அவர் எவ்வாறு பேசினார் என்பது அந்நூலில்தான் நிற்கிறது.

அதே நூலில் கமலம்மா பேசுகிறார். தலைமறைவு வாழ்வில் கைக்குழந்தையோடு இருத்தல் இயலாது என்பதால், பெற்ற குழந்தையைப் பிறரிடம் கொடுத்துவிட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்தவர். போராட்டத்தின் வரலாற்றை எழுதிய ஆடவர் நூல்களில் ஊர்கள் உண்டு, துப்பாக்கிகள் உண்டு, தீர்மானங்கள் உண்டு. அக்குழந்தைக்கு அவற்றில் இடமில்லை. போராட்டம் நிறுத்தப்பட்டபின் பெண்கள் வீட்டுக்குத் திரும்புமாறு நேர்ந்தது; அதன் கசப்பும் இந்நூலில் பதிவாகியுள்ளது. கேட்க வந்த இளம்பெண்கள் அனுதாபம் காட்டுவதற்காக வந்தவர் அல்லர். தங்கள் இயக்கத்துக்கு முன்னோர் யார் என்று அறிய வந்தவர்கள். கேட்பவருக்கும் ஒரு தேவை இருந்தது. ஆகவேதான் 'நம்' என்னும் சொல் அங்கே பொய்யாகவில்லை. நான் இங்குக் குறிக்கும் நூல்களுள் ஒன்றை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்று யாரேனும் நிபந்தனை விதித்தால், இதனையே எடுத்துக்கொள்வேன்.

வாக்குமூலங்களோடு பழகிய தொழில் என்னுடையது. கணவரை இழந்த பெண்மணி குடும்ப ஓய்வூதியத்துக்காகப் படிவம் நிரப்பும்போது, மணநாள், மறைந்த நாள், பிள்ளைகளின் பிறந்த நாள் ஆகியவற்றைக் கட்டம் கட்டமாக எழுதித் தருகிறார். முப்பதாண்டு இல்வாழ்க்கை இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். ஒழுங்கு கேட்பவருடையது, விவரம் மட்டும் அவருடையது. தன்வரலாறுகளிலும் படிவங்கள் உண்டு. இன்ன துன்பம், இன்ன விழிப்பு, இன்ன வெற்றி என்று வெளியீட்டாரும் வாசகரும் கட்டம் வரைந்து காத்திருக்கின்றனர்.

அவ்வாறு படிவத்துக்குள் அடைக்கப்படும் இடர் மிகுந்த நூல் பேபி ஹால்தாரின் 'ஆலோ ஆந்தாரி'. 'வெளிச்சமும் இருளும்' என்னும் பொருளுடைய அந்நூல் வங்காளியில் எழுதப்பட்டு, 2002-இல் முதலில் இந்தியில் வெளிவந்தது. பன்னிரண்டு வயதில் மணமாகி, கணவர் கொடுமைக்கு ஆற்றாது மூன்று குழந்தைகளோடு ரயிலேறி வந்தவர். குர்கானில் வீட்டு வேலை செய்தார். வேலை செய்த வீட்டுக்கு உரியவர் பிரபோத் குமார், மானிடவியல் பேராசிரியர், பிரேம்சந்தின் பெயரர். நூலலமாரியைத் துடைக்கும்போது அப்பெண்ணின் கை தயங்குவதைக் கண்ட அவர், படிக்க நூலும் எழுத ஏடும் பேனாவும் தந்தார். அந்நூலின் பகுதி பல ஆண்டுகள் பதினொன்றாம் வகுப்பு இந்தித் துணைப்பாட நூலான 'விதா'னில் இடம்பெற்றிருந்ததால், நம் இல்லத்துப் பிள்ளைகளும் பலர் படித்திருப்பர். தேர்வுக்காகப் படித்தனர், பிறகு மறந்தனர்.

இந்நூலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பேராசிரியரின் பெருந்தன்மையையே பேசுகின்றனர். அவர் பெருந்தன்மையாளர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கதை சொன்னவள் ஒருத்தி, புகழ் கேட்டவருக்கு என்றாகிவிடுதல் முறையன்று. நூலின் பிற்பகுதியில் ஆசிரியையும் நன்றியின் பாரத்தால் சற்றுக் குனிந்தே பேசுகிறார். 'தாதுஷ்' என்று அவரை அழைக்கும் பகுதிகளில் முற்பகுதியின் கூர்மை இல்லை. முற்பகுதியோ மிகச் சிறந்தது. ஓரிடத்தில் 'நான்' என்பார். மிகக் கொடிய நிகழ்ச்சி வரும்போது திடீரென 'பேபி' என்று தம்மைப் படர்க்கையில் கூறுவார். பயிற்சியில்லா எழுத்தின் பிழை இது என்று சிலர் கருதக்கூடும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அச்சிறுமியின் அருகே அன்று எவரும் இல்லை. இன்று எழுதுகிறவள் அவளருகே சென்று அமர்ந்து, அவள் கதையைத் தானே கேட்கிறாள். பேராசிரியர் ஏடு தந்தார். செவி தந்தவள் அவளே. தம் பெயர் அச்சேறிய இதழ் வந்தபோது, அதனை மகளிடம் காட்டிப் படிக்கச் சொல்லும் இடத்தில் இந்நூல் மீண்டும் தன் உயரத்தை எட்டுகிறது.

இறுதியாக வீரம்மா. புதுச்சேரியை அடுத்த கரணி என்னும் சிற்றூரில் கூலி வேலையும் மருத்துவச்சித் தொழிலும் செய்தவர், பாட்டுக்காரி. இசை மானிடவியல் ஆய்வாளரான ஜோசியான் ராசீன், அவர் பாட்டைப் பதிவு செய்யச் சென்று, பின்னர் வாழ்க்கையையே கேட்டார். தமிழில் சொல்லப்பட்ட அக்கதை 1995-இல் பிரெஞ்சிலும் 1997-இல் ஆங்கிலத்திலும் நூலாக வெளிவந்தது. தமிழச்சியின் கதை பாரிசைச் சுற்றிக்கொண்டு வந்தது என்பது நமக்குப் பெருமையா என்று நான் ஆராயப் போவதில்லை.

வீரம்மா படிவத்துக்குள் அடங்காதவர். பண்ணையாரைப் பற்றிப் பேசும்போது சினமும் உண்டு, பழகிய பாசமும் உண்டு. விதியை நம்புகிறார், பேய் பிசாசுகளை நம்புகிறார், பெற்ற பிள்ளைகளுள் பெரும்பாலோரைப் பறிகொடுத்ததைச் சொல்லுகிறார், சற்று நேரத்தில் கணவனோடு கூடி வாழ்ந்த இன்பத்தைக் கூச்சமின்றிச் சொல்லிச் சிரிக்கிறார். அரசியல் விழிப்புற்ற மகனின் பேச்சு அவருக்கு முழுதும் உடன்பாடன்று. விடுதலைக் குரலை எதிர்பார்த்து நூலைத் திறக்கும் படித்த வாசகர்க்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் கேட்டவர் தம் கொள்கைக்கு ஏற்ப அதனைத் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் நமக்கு இன்னொரு வீராங்கனை கிடைத்திருப்பாள், வீரம்மா கிடைத்திருக்கமாட்டார்.

தில்லியில் ஜங்புராவை ஒட்டியிருந்த மதராசி கேம்ப் 2025 சூன் மாதத்தில் இடிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து வந்து இரண்டு மூன்று தலைமுறையாக அங்கு வாழ்ந்த குடும்பங்களில், பெண்கள் பலர் சுற்றுப்புற வீடுகளில் வேலை செய்து பிழைத்தனர். ஒரு பகுதியினர்க்கு நகரின் வடகோடியில் நரேலாவில் மாற்றிடம் ஒதுக்கப்பட்டது. வேலை செய்த வீடுகள் தெற்கே நின்றுவிட்டன. அவர்கள் பேசுவது நம் தமிழே. மறுமாநிலத் தமிழர் வாழ்வு என்னும் தலைப்பில் நாம் வெளியிடும் மலர்களில் அதிகாரிகளின் நினைவுகள் உண்டு, இசைக் கச்சேரிகளின் நினைவுகள் உண்டு. இப்பெண்களுள் ஒருவர் வாக்கையும் நான் கண்டதில்லை. மும்பையில் வாழும் நம் அம்பை, 1988-இல் பெண்களுக்கான ஒலி, ஒளி ஆவணக் காப்பகமாக 'ஸ்பாரோ'வைத் தொடங்கி, பலருடைய வாழ்க்கையைக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார். ஆகவே வழி தெரியாது என்று நாம் கூற இயலாது. ஒலிப்பதிவுக் கருவி இக்காலத்தில் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. வேண்டுவது பிற்பகலில் வேலை முடிந்து அவர்கள் அமரும் ஒரு மணி நேரமும், படிவம் இல்லாத கேள்வியும். வீரம்மாவின் கதையைக் கேட்டு முடிக்கப் பத்தாண்டுகள் ஆயின.